பவரி வீதியின் இருட்டும் சில புகைப்படங்களும்

பெரிய அரங்குகளின் வரலாற்றை எழுதுவது ஒப்பீட்டளவில் எளிது. நுழைவுச்சீட்டுக் கணக்கு இருக்கும், அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் இருக்கும், மறுநாள் நாளிதழில் விமர்சனம் வந்திருக்கும். ஆனால், நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும் ஒரு மதுக்கூடத்தில், ஊர் அறியாத நான்கு இளைஞர்கள் கிதாருடன் மேடையேறி அரைமணி நேரம் பாடிவிட்டு இறங்கிய இரவுக்குச் சான்றாக எதைக் காட்டுவது? அப்படிப்பட்ட இரவுகளில்தான் பல இசை மரபுகள் பிறந்திருக்கின்றன என்று நாம் படிக்கிறோம். அவை எவ்வாறு நம்மை வந்தடைந்தன என்று கேட்டுப் பார்ப்பது குறைவு. நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. என்னும் சிற்றரங்கை எடுத்துக்கொண்டு அக்கேள்விக்கு விடை தேட முயல்வோம்.

மன்ஹாட்டனின் தென்பகுதியில் உள்ள பவரி, 1970-களில் வீடற்றோரும் குடிக்கு அடிமையானோரும் ஒதுங்கும் வீதியாக இருந்தது. அங்கு 315-ஆம் எண் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த தம் மதுக்கூடத்தை ஹில்லி கிரிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் புதிய பெயரில் திறந்தார். கன்ட்ரி, ப்ளூகிராஸ், ப்ளூஸ் ஆகிய மூவகை இசைகளின் முதலெழுத்துகளே சி.பி.ஜி.பி. ஆயின. மாடியில், சொற்பக் காசுக்கு இரவில் படுத்துறங்க இடம் தரும் மலிவு விடுதி இருந்தது. பெயரில் உள்ள இசை எதுவும் அவ்விடத்திற்குப் புகழ் சேர்க்கவில்லை என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1973 ஆகஸ்ட் 3 அன்று, பிராட்வே சென்ட்ரல் என்ற பழைய விடுதிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதற்குள் இயங்கிவந்த மெர்சர் கலை மையமும் அத்துடன் அழிந்தது. நியூயார்க் டால்ஸ் போன்ற குழுக்கள் பாடிவந்த இடம் அது. பதிவு நிறுவனங்களின் ஆதரவற்ற இளம் குழுக்களுக்குப் புதிய கூரை ஒன்று தேவைப்பட்டது. டாம் வெர்லைன், ரிச்சர்ட் ஹெல் ஆகியோரின் டெலிவிஷன் குழு 1974 மார்ச் 31 அன்று சி.பி.ஜி.பி.-யில் பாடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ராமோன்ஸ் குழு முதன்முறையாக அங்கு மேடையேறியது. 1975-இல் பேட்டி ஸ்மித் குழுவும் டெலிவிஷனும் சேர்ந்து பல வாரங்கள் தொடர்ந்து பாடின. அவ்வாண்டுக் கோடையில், பதிவு ஒப்பந்தம் பெறாத நியூயார்க் குழுக்களுக்கென்றே கிரிஸ்டல் ஒரு விழா நடத்தினார். ப்ளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் ஆகிய குழுக்களும் இந்த மேடையில் வளர்ந்தவையே. பிறர் பாடல்களைப் பாடாமல் சொந்தப் பாடல்களைப் பாட வேண்டும் என்பது கிரிஸ்டல் விதித்த முறை. பின்னாளில் 'பங்க்' என்று பெயர் பெற்ற இசைப்போக்கின் நியூயார்க் வரலாறு இதுதான்.

தேதிகளை இவ்வாறு அடுக்கும்போது எல்லாம் திட்டமிட்டு நடந்தது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. உண்மையில், தொடக்க இரவுகளில் கேட்க வந்தவர்கள் மிகச் சிலர். நியூயார்க் நகராட்சியே 1975-இல் திவாலாகும் நிலையில் இருந்தது. அச்சூழலில், பவரி வீதியின் ஒரு மதுக்கூடத்தில் யார் பாடினார்கள் என்பதைப் பதிவு செய்யப் பெரிய நாளிதழ்கள் புகைப்படக்காரரை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. ஆகவே, ஆவணப்படுத்தும் பொறுப்பு அங்கு வழக்கமாக வருவோரிடமே வந்து சேர்ந்தது. யாரும் அவர்களிடம் அதை ஒப்படைக்கவில்லை. அவர்களும் அதைப் பொறுப்பு என்று எண்ணிச் செய்யவில்லை.

அவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் ராபர்ட்டா பெய்லி. டெலிவிஷன் குழுவினரின் நண்பரான இவர், அவர்கள் பாடும் இரவுகளில் வாசலில் அமர்ந்து நுழைவுக்கட்டணம் வசூலிக்கத் தொடங்கி, பின்னர் அவ்வாசலின் நிரந்தர முகமாகவே ஆனார். 1975-இன் இறுதியில்தான் ஒரு கேமரா வாங்கினார். 1976 ஜனவரியில் ஜான் ஹோம்ஸ்ட்ராமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'பங்க்' என்ற சிற்றிதழுக்காகப் படங்கள் எடுத்தார். அவ்விதழுக்கென, சி.பி.ஜி.பி.-க்கு அருகில் இருந்த ஒரு திறந்தவெளியில், செங்கல் சுவரின் முன் ராமோன்ஸ் நால்வரையும் நிறுத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. பதிவு நிறுவனம் தன் செலவில் எடுக்கச் செய்த படங்கள் நிறைவளிக்காமல் போகவே, பெய்லியின் படத்தை வாங்கி 1976 ஏப்ரலில் வெளியான குழுவின் முதல் இசைத்தட்டுக்கு அட்டையாக்கியது. கொடுத்த தொகை 125 டாலர். ராக் இசை வரலாற்றில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட அட்டைகளுள் அதுவும் ஒன்று. தோல் சட்டையும் முழங்கால் கிழிந்த ஜீன்ஸும் சுவரில் சாய்ந்த நிற்பும் பல நாட்டு இளைஞர்களுக்கு இலக்கணமாயின. வாசலில் சீட்டுக் கொடுத்தவர் எடுத்த படம் ஓர் இசைவகையின் உருவத்தையே வரையறுத்துவிட்டது.

இரண்டாமவர் டேவிட் காட்லிஸ். 1976-இல் நியூயார்க்கிற்கு வந்த இளம் புகைப்படக்கலைஞர். 1930-களின் பாரீஸ் இரவுகளைப் படமெடுத்த பிரசாயின் மீது அவருக்குப் பற்று மிகுதி. பவரியின் இரவை அதேபோல, ஃபிளாஷ் இன்றி, இருக்கும் வெளிச்சத்திலேயே எடுப்பது என்று முடிவு செய்தார். இதன் கடுமையை இன்றைய கைப்பேசித் தலைமுறைக்குச் சற்று விளக்க வேண்டும்.

அன்று கிடைத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் மங்கிய ஒளிக்கு ஏற்றதாகப் பலரும் பயன்படுத்தியது கோடாக் நிறுவனத்தின் ட்ரை-எக்ஸ். அதன் உணர்திறன் 400 ஏ.எஸ்.ஏ. பகல் வெளிச்சத்திற்கு அது தாராளம். தெருவிளக்கிற்கும் மதுக்கூட விளக்கிற்கும் போதாது. ஃபிளாஷ் போட்டால் முகம் பளிச்சென்று விழும்; ஆனால் பின்னாலுள்ள சுவரும் கூட்டமும் இருளில் மறைந்து, படம் எந்த ஊரில் வேண்டுமானாலும் எடுத்தது போல் ஆகிவிடும். ஃபிளாஷ் இல்லையென்றால் கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். காட்லிஸ் தம் லைக்காவைக் கையில் பிடித்தபடியே கால் விநாடி வரை திறந்து வைத்தார். கால் விநாடி என்பது கேட்கச் சிறிது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவருக்கு அது நெடுநேரம். எதிரே இருப்பவர் அசைந்தால் உருவம் கரைந்துவிடும். ஒரு சுருளில் 36 படங்களே. எப்படி வந்திருக்கிறது என்பது சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும். இவ்வாறு அவர் பவரி வீதியின் விளக்கொளியில் 1976-இல் எடுத்த பேட்டி ஸ்மித்தின் படத்தைப் பார்க்கும் எவருக்கும், அந்த இரவின் ஈரமும் வெளிச்சமும் கூடவே வந்து சேர்கின்றன. அப்படங்கள் நூலாக வெளிவர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வாசகர்கள் முன்கூட்டியே திரட்டித் தந்த பணத்தில் வந்தது.

மேடையில் நின்றவர்களே படமெடுத்ததும் உண்டு. ப்ளாண்டி குழுவின் கிதார் கலைஞர் கிறிஸ் ஸ்டைன் முறையாகக் காட்சிக்கலை பயின்றவர். தம் குழுவையும் தோழர்களையும் தொடர்ந்து எடுத்துவைத்தார். அவருடைய தொகுப்பு 2014-இல் வெளியானது. ஏமஸ் போவும், பேட்டி ஸ்மித் குழுவின் இவான் க்ராலும் இக்குழுக்களைத் திரைச்சுருளில் பதிந்து 1976-இல் 'பிளாங்க் ஜெனரேஷன்' என்ற படத்தை உருவாக்கினர். காட்சியையும் ஒலியையும் ஒருங்கே பதிவு செய்ய வசதியில்லாததால், படத்தில் வாயசைவு ஒன்றும் பாட்டு ஒன்றுமாக இருக்கும். குறைதான், ஆயினும் அக்குறையே அன்றைய நிலைமைக்குச் சான்றாகிறது.

இப்படங்களை வரலாற்று மாணவர் எவ்வாறு படிக்க வேண்டும்? நாம் முதலில் பாடுபவரைப் பார்க்கிறோம். ஆனால், சான்று பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கிறது. மேடை எவ்வளவு தாழ்வாக இருந்தது, முதல் வரிசைக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே எத்தனை அடி இருந்தது, கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை மேசைகள் காலியாக இருந்தன, சுவரில் எந்தெந்தக் குழுக்களின் சுவரொட்டிகள் இருந்தன என்பனவற்றை நினைவுக் குறிப்புகள் சொல்வதில்லை. நினைவு எப்போதும் அரங்கை நிரப்பிக் காட்டும். படம் காலி நாற்காலியைக் காட்டிவிடும்.

படங்கள் குறைவாக உள்ள இடத்தில் நினைவு என்ன செய்யும் என்பதற்கு அதே காலத்து இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சிற்றரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு பாடியது. ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும். வந்தவர்கள் சுமார் நாற்பது பேர் என்பது பொதுவான கணிப்பு. அந்நிகழ்ச்சியைக் கண்ட பீட்டர் ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிதார் வாங்கினார். அவரும் பெர்னார்ட் சம்னரும் பின்னர் ஜாய் டிவிஷன் குழுவில் இடம்பெற்றனர். அந்த இரவின் புகழ் பெருகப் பெருக, தாமும் அங்கிருந்ததாகச் சொல்பவர்களும் பெருகினர். போதாக்குறைக்கு, ஜூலை 20 அன்று அதே குழு அதே அரங்கில் மீண்டும் பாடியது. இரண்டு இரவுகளும் பலர் நினைவில் ஒன்றாகிவிட்டன. யார் உண்மையில் வந்தார்கள் என்று ஆராய்ந்து டேவிட் நோலன் ஒரு நூலே எழுத நேர்ந்தது. முதல் இரவில் எடுத்த படங்கள் மிகச் சில. கூட்டத்தை நோக்கி யாராவது ஒரு சுருளைச் செலவழித்திருந்தால் ஆராய்ச்சிக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

படங்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சுருளின் விலை காரணமாக, நண்பர்களையும் வளர்ந்துவரும் குழுக்களையுமே கேமரா அதிகம் நாடியது. பத்துப் பேர் முன்னிலையில் ஒருமுறை பாடிவிட்டுக் கலைந்துபோன குழுக்கள் எத்தனையோ. அவர்களுக்குப் படமும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. ஆகவே வரலாற்றிலும் இடமில்லை. புகழ் பெற்றபின் ஒரு படம் தேடி எடுக்கப்படுகிறது. பெறாதவர்களின் நெகட்டிவ்கள் கழுவிய நிலையிலேயே உறைகளுக்குள் கிடக்கின்றன. சிற்றரங்கின் வரலாறு என்று நாம் படிப்பது, பெரும்பாலும் அங்கிருந்து வெளியேறிப் பெரிய அரங்கை அடைந்தவர்களின் வரலாறே.

சி.பி.ஜி.பி.-யின் முடிவு வாடகைத் தகராறில் வந்தது. 2006 அக்டோபர் 15 அன்று பேட்டி ஸ்மித் இறுதி நிகழ்ச்சியைப் பாடினார். கிரிஸ்டல் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காலமானார். 2008-இல் அவ்விடத்தில் உயர்விலை ஆடைக்கடை ஒன்று திறக்கப்பட்டது. 2013-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பங்க் ஆடைகள் குறித்த கண்காட்சியில் சி.பி.ஜி.பி.-யின் கிறுக்கல் நிறைந்த கழிவறையை மாதிரியாக அமைத்துக் காட்டியது. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்த இடம் அருங்காட்சிப் பொருளாயிற்று.

அரங்கு மூடப்பட்ட மூன்றே மாதத்தில், 2007 ஜனவரியில், ஐபோன் அறிமுகமானது. அதன்பின் சிற்றரங்குகளில் கேமரா இல்லாத கை அரிதாகிவிட்டது. இருட்டு ஒரு தடையாக இல்லை. 36 என்ற எல்லையும் இல்லை. அப்படியானால் இனி எந்தக் குழுவும் தடமின்றி மறையாது என்று நம்பலாமா? 2003-இல் தொடங்கி உள்ளூர்க் குழுக்கள் பாடல்களையும் படங்களையும் ஏற்றிவைத்த மைஸ்பேஸ் தளத்தின் கதை வேறு பாடம் சொல்கிறது. கணினிகளை இடம் மாற்றும் பணியில் பழைய பதிவுகள் அழிந்துவிட்டன என்பது 2019 மார்ச்சில் பரவலாகத் தெரியவந்தது. 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாடல்கள் மட்டும் சுமார் 5 கோடி என்று மதிப்பிடப்பட்டது. இசை இணைப்புகளை ஆராய்வதற்காக ஒரு கல்விக் குழு முன்பே சேமித்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் மறுமாதம் இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியாக மீண்டன. நூற்றில் ஒன்றுதான் தேறியது. அதுவும் வேறு நோக்கத்திற்காக யாரோ எடுத்துவைத்ததால்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கழுவிய நெகட்டிவ் இன்றும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய படம் இல்லை. எடுப்பது எளிதாகிவிட்ட காலத்தில் காப்பதுதான் அரிய வேலையாகியிருக்கிறது. பெய்லியும் காட்லிஸும் ஸ்டைனும் நன்றாக எடுத்தார்கள் என்பது அவர்கள் பங்கில் பாதி. விலை போகாத பல ஆண்டுகள் அந்தச் சுருள்களை எறியாமல் வைத்திருந்தார்கள் என்பது மறுபாதி.

எந்த ஊரானாலும் சரி, சிறிய அரங்குகளுக்குச் சென்று அறியப்படாத குழுக்களைக் கேட்கும் பழக்கமுள்ள வாசகர்கள் இருப்பின், அவர்களுக்கு நம் வேண்டுகோள் இது. பாடுபவரை எடுத்தபின் ஒருமுறை திரும்பி நின்று கூட்டத்தையும் எடுங்கள். நாள், இடம், குழுவினரின் பெயர்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டு, மற்றொன்றை அக்குழுவினரிடம் கொடுங்கள். அவர்கள் புகழ் பெறாமலே போகலாம். அப்படியானால் அந்தப் படம் இன்னும் அவசியமாகிறது, ஏனெனில் அவர்கள் பாடினார்கள் என்பதற்கு வேறு சான்று இருக்கப்போவதில்லை.