பைக்குள் அடங்கும் துப்பாக்கி: அமெரிக்கர்கள் சின்னதை ஏன் தேடுகிறார்கள்?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்தொலைபேசி அளவில் கைத்துப்பாக்கிகள் வரிசையாக இருக்கும். சிலவற்றின் எடை 270 கிராம் அளவுதான். ஜீன்ஸ் பையில் போட்டால் வெளியே தெரியாது. தற்காப்புக்காக ஆடைக்குள் மறைத்து எடுத்துச்செல்வதற்கென்றே செய்யப்பட்டவை அவை.

"இவ்வளவு சின்னதா? அப்போ ஆபத்தும் கம்மிதானே?" என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை.

மறைத்து எடுத்துச்செல்லச் சட்டம் விடுகிறதா?

விடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு விதி நூறு ஆண்டுக்கும் மேலாக இருந்தது. துப்பாக்கி எடுத்துச்செல்ல உங்களுக்கென்று தனிக் காரணம் இருப்பதாகக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். 2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே தேவையில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஓரிடத்தில் வாங்கிய அனுமதி, எல்லை தாண்டினால் செல்லாமலும் போகலாம்.

கேலிபர் என்றால் என்ன?

தோட்டாவின் விட்டம். அமெரிக்கர்கள் அதை அங்குலத்தில் சொல்வார்கள். .22 என்றால் சுமார் 5.6 மில்லிமீட்டர். .25 என்றால் 6.35. .32 என்றால் 7.65. .380 என்பது 9 மில்லிமீட்டர் விட்டம்தான், ஆனால் உறை குட்டை. காவல்துறையினர் பரவலாகப் பயன்படுத்தும் வழக்கமான 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு உறை நீளம், வேகமும் அதிகம்.

தேசியச் சேவை செய்தவர்களுக்கு எஸ்ஏஆர் 21 நினைவிருக்கும். அதன் தோட்டா 5.56 மில்லிமீட்டர். ஆமாம், குட்டி .22 தோட்டாவின் விட்டமும் கிட்டத்தட்ட அதேதான்! வித்தியாசம் வேகத்தில். சின்னக் கைத்துப்பாக்கியிலிருந்து .22 தோட்டா நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் புறப்படும். எஸ்ஏஆர் 21 தோட்டாவின் வேகம் 900 மீட்டருக்கும் மேல், எடையும் கூடுதல். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்காகும். எடையையும் சேர்த்தால் பத்து மடங்குக்கும் மேல். கேலிபர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பது இதனால்தான்.

சின்னதைத் தேர்ந்தெடுப்பதில் என்ன சிக்கல்?

எடுத்துச்செல்ல எளிது, சுடுவது கடினம். மொத்தச் சிக்கலும் இதுதான். 2008இல் ரூகர் நிறுவனம் அறிமுகம் செய்த எல்சிபி நல்ல எடுத்துக்காட்டு. .380 தோட்டா, சன்னமான உடல், மிகக் குறைந்த எடை. எடை குறைந்தால் சுடும்போது கையை உதைப்பது கூடும். பிடி சிறியது என்பதால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. குறிபார்க்கும் முனைகள் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும், அதனால் சின்னப் பிசகும் குறியைப் பெரிதாக விலக்கிவிடும். வாங்கிய பலர் இரண்டு மேகசின் சுட்டுவிட்டு, கை வலிக்கிறது என்று பயிற்சியையே விட்டுவிடுவார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் பயம் எதிராளிக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும்தான்.

.22இல் உதை மிகக் குறைவு, தோட்டாவும் மலிவு. மூட்டுவலி உள்ள முதியவர்கள் அதைத் தேடுவதற்குக் காரணம் அதுதான். (ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியிலும் .22தான்.) ஆனால் அதற்கு ஒரு பிறவிக் குறை உண்டு. தீப்பொறி தரும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். பூச்சு சீராக இல்லாவிட்டால் விசையை அழுத்தியும் வெடிக்காது. ரிவால்வராக இருந்தால் மறுபடி விசையை அழுத்தலாம், அடுத்த தோட்டா வந்து நிற்கும். மேகசின் துப்பாக்கியில் ஸ்லைடைக் கையால் இழுத்துக் கெட்ட தோட்டாவை வெளியேற்ற வேண்டும். ஆபத்து நேரத்தில் நடுங்கும் கையால் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தப் போட்டியை 2018இல் கொஞ்சம் மாற்றியது சிக் சாவர் பி365. எடை சுமார் அரை கிலோ, மேகசினில் 10 தோட்டா, அதுவும் வழக்கமான 9 மில்லிமீட்டர். அளவுக்காகவே .380ஐ ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதன்பின் அந்தக் காரணம் வலுவிழந்தது.

சின்னத் தோட்டா ஆளை நிறுத்துமா?

1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் மாண்டனர். சந்தேக நபர் ஒருவர் உடலில் குண்டு பாய்ந்த பிறகும் தொடர்ந்து சுட்டார். அதன்பின் எஃப்பிஐ ஒரு சோதனையை வகுத்தது. உடல் திசுவுக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டி. அதற்குள் தோட்டா 30 முதல் 46 சென்டிமீட்டர் வரை போக வேண்டும். சிறிய கேலிபர்கள் பல இங்கேதான் திணறும்.

சரி, அப்படியென்றால் .22 விளையாட்டுப் பொருளா? 1981 மார்ச் 30ஆம் தேதி வாஷிங்டனில் அதிபர் ரொனால்ட் ரீகன் சுடப்பட்டது .22 ரிவால்வரால். ஆறு தோட்டா, நாலு பேருக்குக் காயம். தமக்குக் குண்டடிபட்டது ரீகனுக்கே முதலில் தெரியவில்லை. விலா எலும்பு உடைந்துவிட்டதோ என்று நினைத்தார். மருத்துவமனைக்குள் நடந்தே போனார். தோட்டா இதயத்துக்கு மிக அருகில் இருந்தது. ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் காயம். எஞ்சிய வாழ்நாள் முழுதும் உடற்குறையோடு வாழ்ந்து 2014இல் காலமானார். அந்தக் காயமே மரணத்துக்குக் காரணம் என்று முடிவாகி, அது கொலை என அறிவிக்கப்பட்டது.

அந்த ஒரு சம்பவத்தில் இரண்டும் இருக்கின்றன. சின்னத் தோட்டா எதிரே வருபவரை உடனே நிறுத்தாமல் போகலாம், ஆனால் உயிரை எடுக்கும். தற்காப்புக்குத் தேவை முதலாவது. கையில் இருப்பது இரண்டாவது.

எங்கே வைத்திருப்பார்கள்?

எந்தத் துப்பாக்கி என்பதைவிட இது முக்கியம் என்பேன். விசையை முழுசாக மூடும் உறை வேண்டும். சாவி, சில்லறையோடு வெறும் பையில் போட்டால், ஏதாவது விசையில் சிக்கி வெடித்துவிடும். கைப்பை அதைவிட மோசம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் ஒரு பெண் பிள்ளைகளுடன் கடைக்குப் போனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்யப்பட்ட கைப்பை, ஜிப் போட்ட தனி அறை. இரண்டு வயது மகன் அதைத் திறந்தான். தாயார் அங்கேயே உயிரிழந்தார்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். வெளியாளுக்கு எதிராக வாங்கிய துப்பாக்கி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கடைக்காரர் விலைப்பட்டியலில் எழுதிவைப்பதில்லை.

சிங்கப்பூரில்?

தற்காப்புக்கென்று நினைத்தவுடன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்துடன் சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும் அதேதான்.

அமெரிக்காவுக்குப் படிக்கவோ சுற்றிப்பார்க்கவோ போகிறீர்களா? காரில் உடன் வருபவரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள். காவல்துறை நிறுத்தினால் கைகள் தெரியும்படி அமைதியாக உட்கார்ந்திருங்கள். விமான நிலையத்தில் நண்பரின் பையை வாங்கிச் சுமக்காதீர்கள். 2023இல் அங்குள்ள பாதுகாப்புச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்தால், நினைவுக்கு என்று காலித் தோட்டா உறையைக்கூடப் பையில் போட வேண்டாம். ஊர் திரும்புவதற்கு முன் சட்டைப் பை, முதுகுப்பை எல்லாவற்றையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.