இறங்கும் சீட்

குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், சைக்கிளில் அதிகாரம் எல்லாம் சீட்டுக்குத்தான். அதன் உயரத்துக்கு நாம்தான் வளைந்து கொடுக்கணும்.

என் கிராவல் பைக்குக்கு டிராப்பர் சீட்போஸ்ட் போடலாமா என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். கைப்பிடியிலிருக்கும் லீவரை அழுத்தி உட்கார்ந்தால் சீட் இறங்கும், எழுந்து இன்னொருமுறை அழுத்தினால் ஏறும். அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் ஒரு மண்பாதை இறக்கத்தில் முன்பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் எழும்பிவிட்டது. உடம்பைப் பின்னால் தள்ளப் பார்த்தேன். சீட் தொடையில் முட்டி நிறுத்தியது. விழாமல் தப்பியதற்கு நான் காரணமில்லை. நண்பனிடம் சொன்னால், "அதெல்லாம் மவுண்டன் பைக் சமாச்சாரம்டா, உனக்கெதுக்கு?" என்றான். அந்த "உனக்கெதுக்கு"தான் என்னைப் பழைய கதைகளுக்குள் இழுத்துப்போனது.

சிக்கல் எளிமையானது. மிதிக்கும்போது கால் கிட்டத்தட்ட முழுசாக நீள வேண்டும், அதற்கு உயரமான சீட் வேண்டும். இறங்கும்போது உடம்பு தாழவும் பின்வாங்கவும் வேண்டும், அதற்கு அதே சீட் இடைஞ்சல். ஒரே போஸ்ட், இரண்டு சரியான உயரங்கள்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டிக்காரர்கள் முக்கியமானவர்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊர் அருகே ஒரு மலைப்பாதையில் பந்தயம் வைத்தார்கள். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாரும் அந்தக் கூட்டம். பழைய ஷ்வின் சைக்கிள்கள், பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். கீழே வருவதற்குள் ஹப்பிலுள்ள கிரீஸ் புகையாகப் போய்விடும், திரும்பவும் அடைக்கணும். பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பேர் வந்தது அதனால்தான்.

எண்பதுகளில் அதே பிரீஸ், ஜாஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து 'ஹைட்-ரைட்' செய்தார். போஸ்டையும் ஃபிரேமையும் இணைக்கும் ஒரு ஸ்பிரிங். ஓட்டிக்கொண்டே சீட் கிளாம்பைத் திறந்து, உடல் எடையால் அமுக்கி, மூட வேண்டும். மறுபடி திறந்தால் ஸ்பிரிங் தூக்கிவிடும், சீட்டும் கோணலாகத் திரும்பாது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது, அவ்வளவு அற்பமான பொருளில் அவ்வளவு யோசனை. ஒரே குறை, ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தாகணும். கை எடுக்காமலே இறக்கும் போஸ்டுகள் மலைச் சைக்கிள்களில் பரவ 2000க்குப் பிறகும் சில வருஷங்கள் ஆயின.

ரோடு பந்தயக்காரர்கள் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. கூடுதலாகும் சில நூறு கிராம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. இறக்கத்தில் சீட்டை விட்டு இறங்கி மேல்குழாய்மேலேயே குந்திக்கொண்டார்கள். அதில் பேர்போனவர் ஸ்லோவேனியாவின் மாட்டெய் மோஹோரிச். 2021 ஏப்ரலில் யு.சி.ஐ. அதைத் தடை செய்தது. 2022 மார்ச் 19, மிலான்–சான்ரெமோ: கிட்டத்தட்ட 290 கிலோமீட்டருக்குப் பிறகு வரும் போஜியோ இறக்கத்தில் மோஹோரிச் டிராப்பரை இறக்கிக்கொண்டு பாய்ந்தார். ஒரு வளைவில் ரோட்டோரம் வரை போய்த் தப்பி, இரண்டு விநாடி முன்னால் ஜெயித்தார். மறுநாள் எல்லாரும் டிராப்பர்தான் ஜெயித்தது என்றார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அந்த வளைவில் அவரைக் காப்பாற்றியது பாதிக்குமேல் அவருடைய நிதானம்.

ஆனால் என் கேள்விக்கு சான்ரெமோ உதாரணமே இல்லை. அங்கே சீட் இறங்கியது வேகத்துக்காக. மரினில் இறங்கியது பல் உடையாமல் வீடு சேர. கிராவல் பைக்கின் வளைந்த கைப்பிடியில் கை இன்னும் தாழ்ந்து, எடை இன்னும் முன்னால் போகிறது. அதாவது ரோடு பைக்கின் உட்காரும் முறை, ரீபேக்கின் பாதை. நான் மரின் கட்சி.

நண்பன் தப்பாகவும் சொல்லவில்லை. கான்சஸ் மாதிரி மேடுபள்ளச் சமவெளியில் நாள் முழுக்க மிதிப்பவருக்கு இது வீண் சுமை. நானும் அப்படி ஓட்டுபவனாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

நேற்று போஸ்டை உருவி அளந்தேன்: 27.2 மில்லிமீட்டர். அந்தக் குறுகிய குழாய்க்கு 75 மில்லிமீட்டர் இறங்கும் போஸ்ட் கிடைக்கிறது. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் என்பதால் இடது லீவருக்கும் வேலை இல்லை, அதை இதற்குக் கொடுக்கலாம். ஃபிரேமில் கேபிளுக்கு ஓட்டை இல்லை, வெளியேதான் கட்டணும். சீட்டுக்கடியில் தொங்கும் பஞ்சர் பை டயரில் உரசும். அதை மட்டும் இப்போதே முன்குழாய்ப் பக்கம் மாற்றிவிட்டேன்.