சாவா மூவாப் பேராடு: திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் கற்பிக்கும் நிதிப்பாடம்

ஒரு சமுதாயம் செல்வத்தைப் பற்றி எச்சொற்களால் பேசுகின்றதோ, அச்சொற்களின் வழியிலேயே அதன் வரவும் செலவும் அமைகின்றன. சபையின் கணக்கேடுகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் நாம், அவற்றில் பயிலும் சொற்களைத் தணிக்கை செய்வது அரிது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ளத் திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுகள் துணைபுரிகின்றன.

அண்ணாமலையார் கோயிலில் சோழர் காலந்தொட்டு விசயநகர வேந்தர் காலம் வரையிலான கல்வெட்டுகள் பல உள்ளன. இரவும் பகலும் அணையாது எரியும் நுந்தா விளக்குக்கு அளிக்கப்பட்ட கொடைகளும் அவற்றுள் இடம்பெறுகின்றன. சோழர் காலத் தமிழகத்தில் இத்தகைய விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. இவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் வழங்கும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதாகும். சாவதும் மூப்பதும் இல்லாத ஆடுகள் என்பது இதன் பொருள்.

ஆடு சாகும் என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மந்தையின் எண்ணிக்கை ஒருபோதும் குறையலாகாது என்பதே அச்சொல் விதித்த ஒழுங்கு. ஆடுகளை ஏற்ற இடையர், இறந்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து மந்தையை நிறைவாக்க வேண்டும். விளக்குக்குரிய நெய்யையும் தவறாது அளக்க வேண்டும். முதலாம் இராசராசன் (985–1014) காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில், 96 ஆடுகளுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்பது கணக்கு. அங்கே ஊர்ச்சபைகளிடம் வைக்கப்பட்ட காசுக்கும் இதே நெறிதான். ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை பெறப்பட்டது. பொலிசை செலவிடப்பட்டது, முதல் தொடப்படவில்லை. முதலை உயிருள்ளதாகப் பேசியவர்கள் அதனை உண்டு தீர்க்கத் துணியவில்லை எனலாம்.

ஆயினும் இச்சொல்லுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ‘சாவா’ என்ற சொல் ஆட்டின் சாவை ஒழிக்கவில்லை. அச்சாவினால் வரும் இழப்பை இடையர்மேல் ஏற்றியது. தஞ்சைக் கல்வெட்டுகளில் இடையருக்குப் பிணை நின்ற உறவினரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மந்தையில் நோய் புகுந்தால், இவ்வேற்பாட்டின்படி அதனை ஈடுசெய்ய வேண்டியவர் கொடையாளியல்லர், கோயிலுமல்லர். எளிய இடையரும் அவர்தம் சுற்றமுமே. கொடையாளியின் புண்ணியம் அழியாதிருக்க, வேறொருவர் நாள்தோறும் விலை கொடுத்தார்.

இந்த இரு பாடங்களும் திருச்சபைக்கு உரியவை. மறைந்தோர் நினைவாகப் பெறும் தொகையை ‘நிரந்தர நிதி’ என்கிறோம். ஆடு ஈன்று பெருகியது. வங்கியில் கிடக்கும் தொகையோ விலைவாசி ஏற்றத்தால் ஆண்டுதோறும் தேய்கிறது. வட்டி முழுவதையும் செலவிட்டு, முதலோடு ஒன்றும் சேர்க்காத நிதிக்கு நிரந்தரம் என்ற பெயர் மட்டுமே எஞ்சும். அவசரத் தேவைக்கென்று முதலிலேயே கைவைத்தால் அப்பெயரும் பொய்யாகும்.

இரண்டாம் பாடம் இதனினும் கடுமையானது. கோயிற்பிள்ளையின் வேலையையும் கிராம உபதேசியாரின் வேலையையும் ‘ஊழியம்’ என்று உயர்த்திப் பேசுகிறோம். அப்பெயரையே காரணங்காட்டிக் குறைந்த ஊதியத்தை நியாயப்படுத்துவதும் உண்டு. நிதிநிலை அறிக்கையில் ‘பற்றாக்குறை’ என்று ஒரு சொல்லில் முடிவது, அவர்தம் வீட்டில் அரிசியில்லாத நாளாக விடிகிறது. நாம் உயர்வாகப் பேசும் சொல் யார்மேல் சுமையாக இறங்குகிறது என்று கேட்பது நம் கடமையன்றோ?

ஆயர் என்னும் சொல்லுக்கு முதற்பொருள் இடையர் என்பதே. அப்பெயரைத் தாங்கிய நாம், அடுத்த நிதிக்குழுக் கூட்டத்தில் தொகைகளைப் படிக்குமுன் தலைப்புகளைப் படிப்போமாக. ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஆடு இறந்தால் ஈடுசெய்பவர் யார் என்று வினவுவோமாக.