தாத்தா காலத்துச் செய்தித்தாளில் 'உல்லாசம்' என்றால் என்ன?

ஓர் ஆணும் பெண்ணும் விடுதி அறையில் "உல்லாசமாக இருந்தனர்" என்று இன்றைய செய்தியில் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? அதேதான். தமிழ்நாட்டுக் குற்றச் செய்திகள் அந்தச் சொல்லை அப்படிப் பழக்கிவிட்டன.

அதே கண்ணோடு 1930களின் செய்தித்தாளைப் புரட்டினால் வம்புதான். ஒரு சங்கத்தார் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் உல்லாசமாகப் பொழுதைக் கழித்தார்கள் என்றால், சாப்பாடு, பாட்டு, விளையாட்டு, அவ்வளவுதான். சுற்றுலாவை இன்னமும் 'உல்லாசப் பயணம்' என்கிறோமே, அதில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய பொருள்.

'சல்லாபம்' இன்னும் மோசம். சமஸ்கிருதத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு உரையாடல், இனிய பேச்சு என்றுதான் பொருள். இரண்டு பெரியவர்கள் சல்லாபித்தார்கள் என்றால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், வேறொன்றும் இல்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களை வீட்டிலிருந்தே தேடலாம். குடும்ப வரலாறு தேடுபவரோ பள்ளித் திட்டப்பணி செய்யும் பிள்ளையோ இன்றைய அர்த்தத்தை அன்றைய வரியில் வைத்துப் படித்தால், யாரோ ஒருவருடைய பாட்டியின் பெயர் வீணாகக் கெடும்.

சில சொற்கள் கெட்டுப்போகவில்லை, இடம் மாறிவிட்டன. 'விநோதம்' என்றால் இன்று விசித்திரம், அன்று பொழுதுபோக்கு. 1870களில் சென்னையில் 'ஜநவிநோதினி' என்றே ஓர் இதழ் வந்தது. 'விலாசம்' என்பதும் இன்பம், கேளிக்கையைக் குறித்த சொல். 19ஆம் நூற்றாண்டு நாடகங்களுக்கு 'டம்பாச்சாரி விலாசம்' என்பதுபோலப் பெயர் வைத்தார்கள். இன்று விலாசம் கேட்டால் புளோக் எண்ணைச் சொல்கிறோம்!

மலாயாவில் கனமான சொல் 'களிப்பு'. அதற்கும் கள்ளுக்கும் உறவு நெருக்கம். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தல்' என்றால் குடித்து மயங்குவது. ரப்பர் தோட்டங்களில் நிர்வாகமே கள்ளுக்கடையை நடத்திய காலம் அது. பால் வெட்டிய தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு சாயங்காலம் அங்கேயே போய்விடும். 1941ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன், கோலாலம்பூரின் 'தமிழ் நேசன்' ஏட்டில் பணியாற்றியவர். ஆகவே அந்தக் கால ஏடுகளில் களிப்பு, களியாட்டம், கேளிக்கை என்று வரும்போது பக்கத்து வரிகளையும் படியுங்கள். விழாவாகவும் இருக்கலாம், கண்டனமாகவும் இருக்கலாம்.

கேளிக்கைக்கு இன்றும் அந்த நிழல் போகவில்லை. 'கேளிக்கை மையம்' என்று தலைப்பில் பார்த்ததும் அடுத்த சொல் 'சோதனை' என்று நாமே ஊகித்துவிடுவோம்.

ஆங்கிலமும் இதில் தப்பவில்லை. கேலாங்கில் இருந்த 'ஹேப்பி வேர்ல்ட்' பூங்கா 1960களில் 'கே வேர்ல்ட்' ஆனது. 'கே' என்பதற்கு உற்சாகமான, மகிழ்ச்சியான என்று பொருள் கொண்டுதான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

'சந்தோஷம்' இன்னொரு கதை. 1916ல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கத்தில் வடசொற்கள் அச்சிலிருந்து மெல்ல விலக, மேடையிலும் ஏட்டிலும் 'மகிழ்ச்சி' ஓங்கியது. பேச்சில் மட்டும் "ரொம்பச் சந்தோஷம்" அசையவே இல்லை. 2016ல் கோலாலம்பூரைக் களமாகக் கொண்ட 'கபாலி' வந்த பிறகுதான் இளைஞர்கள் "மகிழ்ச்சி" என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவும் பாதி கிண்டலாக.

தேடும்போது ஒன்று: 'ஜாலி', 'சியோக்' என்றெல்லாம் போட்டால் அதிகம் சிக்காது. விநோதம், வினோதம், தமாஷ், தமாஷா, குஷி, குசி என்று எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.