காட்டுப் பாதையில் ஒரு சுங்கச்சாவடி

புணே நகரை அடுத்த சாங்வியை ஒட்டி ஓடும் பவனா ஆறு லோனாவளாவுக்குத் தெற்கே சஹ்யாத்ரி மலைமுகட்டில் பிறக்கிறது. நகரில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், லோனாவளாப் பக்கம் 4,000 மில்லிமீட்டரையும் தாண்டுகிறது. அரபிக்கடலில் இருந்து வரும் பருவமேகம் கொங்கணச் சமவெளியைக் கடந்ததும் முட்டிக்கொள்ளும் மலை அது. அதே மலைத்தொடரில் உள்ள பீமாசங்கரிலும் தாம்ஹிணியிலும் இலை உதிராத காடு நிற்பது அந்த மழையால்தான். ஆடி, ஆவணியில் நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக அந்தக் காட்டுத் தடங்களுக்குப் போகிறார்கள். மனிதக் கை படாத இயற்கை என்றே பலரும் அதை எண்ணுகிறார்கள். ஆனால் அந்தத் தடங்களில் பழமையானவை வணிகர்களும் பொதிமாடுகளும் ஏறி இறங்கிய பாதைகள். காடு எஞ்சியதிலும் ஊர் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கு முதல் சான்று ஜுன்னருக்கு மேற்கே உள்ள நாணேகாட் கணவாய். கொங்கணத்தில் இருந்து செங்குத்தாக ஏறும் பாறைப் பிளவில் படி வெட்டியிருக்கிறார்கள். உச்சியில் குடைந்த குகையின் இரு பக்கச் சுவர்களிலும் பிராமி எழுத்தில் நீண்ட பிராகிருதக் கல்வெட்டு ஓடுகிறது. சாதவாகன அரசி நாகனிகா தொடர்பான அது வேள்விகளையும், தட்சிணையாகத் தந்த ஆயிரக்கணக்கான பசுக்களையும், கார்ஷாபண நாணயங்களையும் எண்ணிக்கையோடு பட்டியலிடுகிறது. பின்சுவரில் அரச குடும்பத்தினரின் புடைப்புருவங்கள் இருந்தன. இன்று பாதங்களும் மேலே பொறித்த பெயர்களும்தான் மிச்சம். ஆள் நடமாட்டமில்லாத காட்டில் ஓர் அரசகுடும்பம் தன் பெருமையை இவ்வளவு விரிவாக எதற்குப் பொறிக்க வேண்டும்? படிக்கக் கூட்டம் வந்தது, அதனால் பொறித்தார்கள். அருகில் இருக்கும் பெரிய கல்தொட்டியில் சுங்கக் காசு போட்டார்கள் என்பது ஊர் வழக்கு. அது வெறும் கதை என்று தள்ளினாலும் வாதம் தளராது. மலைமேல் வழிப்போக்கருக்கென வெட்டிய நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. ஜுன்னரைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் இருக்கின்றன. அவற்றில் யவனர் அளித்த கொடைகளும் பதிவாகியிருக்கின்றன. பாதையின் கீழ்முனையில் இருந்த கல்யாண் துறைமுகத்துக்கு வந்த கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு பரிகாசாவுக்குத் (இன்றைய பரூச்) திருப்பிவிட்டார்கள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'பெரிப்ளஸ்' சொல்கிறது. வருமானம் கொழிக்காத துறைக்கு யாரும் அப்படிப் போட்டி போடமாட்டார்கள்.

இத்தனை போக்குவரத்து காட்டை அழித்திருக்காதா என்று கேட்பது நியாயமே. பொதிமாட்டுக்கு வேண்டியது ஒற்றையடித் தடமும் புல்லும் நீரும். வண்டிக்கும் ரயிலுக்கும் தேவை வேறு. லோனாவளாவை ஒட்டிய போர்காட் கணவாயில் 1830இல் வண்டிச்சாலை திறந்தது. 1863இல் ரயில் மலையேறியது. சரக்கு அவ்வழியே திரும்பியதும் பழைய கணவாய்கள் வெறிச்சோடின. அதே நூற்றாண்டில்தான் கட்டுமானத்துக்கும் கரிக்கும் மரத்தின் தேவை பெருகியது. காட்டைக் கரைத்ததில் பெரும்பழியை இரண்டாயிரம் ஆண்டு நடைபாதையின் மேல் போடுவதற்கில்லை.

காட்டைக் காத்தது பெரும்பாலும் மலையின் செங்குத்துதான், மக்கள் அல்ல என்பது இன்னொரு மறுப்பு. சரிவு உதவியது உண்மை. ஆனால் சமதளத்திலும் ஊரோரத்திலும்கூடத் தேவராயி எனப்படும் கோயில்காடுகள் நிற்கின்றனவே! அங்கே உலர்ந்த சுள்ளியைக்கூட எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. வா. த. வர்த்தக்கும் மாதவ் காட்கிலும் 1970களில் மகாராஷ்டிரத்தில் இவற்றை ஊர் ஊராகப் பதிவு செய்தார்கள். சுற்றிலும் அழிந்துபோன மரங்களும் கொடிகளும் அங்கே உயிரோடு இருந்தன. பீமாசங்கர்க் காட்டிலோ மகாதேவ கோளிப் பழங்குடியினர் இன்றும் கடுக்காய் பொறுக்கி விற்கிறார்கள். மரம் நின்றால்தான் அவர்களுக்குக் காய். 1985இல் அங்கே சரணாலயம் அறிவித்தபோது பாதுகாக்க வேண்டியதாகச் சொன்ன மலை அணில், கிளையோடு கிளை கோத்த மரக்கூரை இல்லாமல் வாழாது. அந்தக் கூரை அன்றுவரை நின்றதில் அந்த மக்களின் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. அவர்களைக் காட்டுக்கு அயலாராக நடத்தும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் இந்த வரலாற்றைப் படிக்காமல் எழுதப்பட்டதே.