வண்டி ஏன் வெட்டுகிறது? – ஆக்ஸிலேட்டரின் நூறு வருடக் கதை

ஸ்பீட் பிரேக்கர் வருகிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடுகிறார். மேடு தாண்டியதும் மெல்ல, ரொம்ப மெல்லத்தான் முறுக்குகிறார். வண்டி மெல்லக் கிளம்புவதில்லை. அரை நொடி சும்மா இருந்துவிட்டு 'டக்'கென்று ஒரு வெட்டு. பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் இடிக்கிறது. "ஒழுங்கா ஓட்டத் தெரியாதா உனக்கு?" என்று திட்டும் விழுகிறது.

பாவம், பல சமயம் அவர் மேல் தப்பே இருக்காது. ஸ்பீட் பிரேக்கரில் நடந்தால் இது வெறும் திட்டோடு போயிற்று. இதே வெட்டு மழை நாளில், வளைவின் நடுவில், வண்டி சாய்ந்திருக்கும்போது வந்தால் பின்சக்கரம் வழுக்கும். அப்புறம் திட்டுவதற்குக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் செய்கிறவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த வெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை போன பாதை கொஞ்சம் வேடிக்கையானது.

முதலில், வெட்டு எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து பின்சக்கரம் வரை போகிற வழியில் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஆக்ஸிலேட்டர் கேபிளில் இருக்கும் தளர்வு ஒன்று. இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலும் காற்றும் அளவு தவறுவது இன்னொன்று. மூன்றாவது, கியர் பல்லிலும் செயினிலும் இருக்கும் இடைவெளி. ஆக்ஸிலேட்டரை மூடும்போது சக்கரம் இன்ஜினை இழுக்கிறது, செயினின் அடிப்பக்கம் இறுகுகிறது. திறக்கும்போது இன்ஜின் சக்கரத்தை இழுக்கிறது, மேல்பக்கம் இறுகுகிறது. இந்த மாற்றம் நடக்கும் நொடியில் தளர்வெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து 'டக்' என்று அடிக்கிறது.

மிகப் பழைய வண்டிகளில் இந்தக் கடைசிப் பிரச்சினை பெரிதாக இருக்கவில்லை. காரணம் பெல்ட். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக முப்பதாயிரம் போல ஓடிய டிரையம்ஃப் மாடல் ஹெச் வண்டியில்கூடப் பின்சக்கரத்தைச் சுழற்றியது பெல்ட்தான். கை தவறி அதிகமாக முறுக்கினால் பெல்ட் கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியை விழுங்கிவிடும். மழையில் மட்டும் ஒரேயடியாக வழுக்கும், வண்டி நகராது! செயின் வந்ததும் வழுக்கல் போயிற்று, வெட்டு வந்தது. அதற்கு மருந்தாக ராயல் என்ஃபீல்டு 1910களிலேயே பின்சக்கர ஹப்புக்குள் ரப்பர் கட்டைகளை வைத்தது. குஷ் டிரைவ் என்று பெயர். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'கப்ளிங் ரப்பர்' என்று சொல்வது இதைத்தான். 1950களில் சென்னை திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்த புல்லட்டுக்குள்ளும் இந்த ரப்பர் இருந்தது. இன்று ரோட்டில் ஓடும் பெரும்பாலான பைக்குகளிலும் இருக்கிறது.

அடுத்தது கை. முறுக்கும் பிடி ரொம்பப் பழசு. அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் 1869 வாக்கில் செய்த நீராவி இருசக்கர வண்டியிலேயே (அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது) ஹேண்டில்பாரை முறுக்கித்தான் நீராவியைக் கூட்ட வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் வண்டிகள் நெடுநாள் லீவரிலேயே ஓடின. ஒரு லீவர் பெட்ரோல் கலவைக்கு, பக்கத்திலேயே இன்னொரு லீவர் காற்றுக்கு. ஏற்றத்தில் ஒன்றைத் தள்ளி, இறக்கத்தில் மற்றதை இழுத்து, இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். கலவையின் கணக்கு மொத்தமும் ஓட்டுபவரின் கையில். வெட்டினால் அது நிஜமாகவே அவர் தப்புதான் :-)

1927-ல் மூன்று பிரிட்டிஷ் கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகி அமல் என்ற பெயரில் வந்தன. அதற்குப் பின் பல பத்து வருடங்கள் பிரிட்டிஷ் பைக் என்றால் அமல் கார்புரேட்டர்தான். அதன் உள்ளே ஒரு ஸ்லைடு, அதன் நடுவில் கூம்பான ஓர் ஊசி. கேபிளை இழுத்தால் ஸ்லைடு மேலே போகும், காற்றுக்கு வழி திறக்கும், ஊசியும் மேலே போவதால் பெட்ரோலும் கூடும். இரண்டாவது லீவரின் வேலையில் பெரும்பகுதியை இந்த ஊசியே பார்த்துக்கொண்டது.

ஆனால் ஒரு குறை. ஓட்டுபவர் சட்டென்று முழுதாக முறுக்கினால் ஸ்லைடும் சட்டென்று மேலே போய்விடும். இன்ஜின் அப்போது மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாசல் அகலமாகத் திறந்ததால் காற்றின் வேகம் குறையும். பெட்ரோலை உறிஞ்சி மேலே இழுப்பதே அந்த வேகம்தான். காற்று உடனே வரும், பெட்ரோல் தாமதமாக வரும். இன்ஜின் ஒரு கணம் மூச்சுத் திணறி, பிறகு எகிறும். இதைத் தவிர்க்க ஓட்டுபவர்தான் பொறுமையாக, இன்ஜின் கேட்கிற வேகத்துக்குத் திறக்கப் பழக வேண்டும். நல்ல ஓட்டுநர் என்று அந்தக் காலத்தில் பேர் வாங்கியவர்களின் ரகசியத்தில் பாதி இதுதான்.

இதற்கான தீர்வு, அமல் கம்பெனி பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர் ஹெர்பர்ட் ஸ்கின்னர். இங்கிலாந்தில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1900களின் தொடக்கத்தில் அவர் யோசித்தது இப்படி: கை ஒரு வால்வை மட்டும் திறக்கட்டும். ஆனால் பெட்ரோல் ஊசியையும் காற்று வாசலையும் கை தொடவே கூடாது. அதை இன்ஜினின் உறிஞ்சும் சக்தியே தூக்கிக்கொள்ளட்டும். இன்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு மட்டுமே வாசல் திறக்கும். தூக்குவதற்கு அவர் வைத்தது ஒரு தோல் துருத்தி. செருப்புக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்! அவர் தம்பி கார்ல், குடும்பச் செருப்பு வியாபாரத்தில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தார். 1910-ல் எஸ்.யூ. கம்பெனி உருவானது. (பி.காம் படிப்பவர்கள் கவனிக்கவும்: நிச்சயமான லாபத்தை விட்டு, ஒரு துருத்தியை நம்பி முதலீடு மாற்றிய மனிதர்!)

இதில் உள்ள துணிச்சலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓட்டுபவர் முழுதாக முறுக்கினாலும் கார்புரேட்டர் முழுதாகக் கீழ்ப்படியாது. "நீ கேட்டது சரி, இன்ஜினால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் தருவேன்" என்கிறது. கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவசரக்காரரின் கையும் பொறுமைசாலியின் கையும் இன்ஜினுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

கார்கள் இதை வாரி அணைத்துக்கொண்டன. மோட்டார் சைக்கிள்கள் தயங்கின. 1952-லிருந்து டிரையம்ஃப் தண்டர்பேர்டில் எஸ்.யூ. கார்புரேட்டர் வந்தது, ஆனால் பிரிட்டிஷ் பைக் உலகில் அது விதிவிலக்காகவே இருந்தது. 1965-ல் ஹோண்டா சிபி450 இரண்டு சி.வி. கார்புரேட்டர்களோடு வந்தது. சி.வி. என்றால் மாறாத வெற்றிடம் என்று அர்த்தம், தத்துவம் ஸ்கின்னருடையதே. தோல் துருத்தி இருந்த இடத்தில் பிற்பாடு மெல்லிய ரப்பர் டயஃப்ரம் வந்தது. 1980களில் பெரிய ஜப்பான் ரோட் பைக்குகளில் பெரும்பாலும் இதுதான். பந்தயக்காரர்கள் மட்டும் முகம் சுளித்தார்கள். அவர்களுக்குக் கை சொன்னது அந்த நொடியே நடக்க வேண்டும், மத்தியஸ்தம் பிடிக்காது. அவர்கள் பழைய ஸ்லைடையே தேடிப் பிடித்து மாட்டினார்கள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது புகை.

அமெரிக்காவில் 1978 மாடலிலிருந்து மோட்டார் சைக்கிள்களுக்கும் மாசுக் கட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் இன்ஜின் சுகமாக, மிருதுவாக ஓடுவது அதைவிடக் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக இருக்கும்போது. பன்னிரண்டரை, பதின்மூன்று என்ற அளவில். அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் புகைக்குழாய் வழியாக மாசாகப் போகிறது. கம்பெனிகள் பெட்ரோலைக் குறைத்தன. யாரும் திருகிக் கூட்டிவிடக் கூடாது என்று மிக்ஸ்சர் ஸ்க்ரூவின் மேல் மூடி வைத்து அடைத்தன. வாங்கியவர்கள் அந்த மூடியில் டிரில் போட்டு ஓட்டை செய்து ஸ்க்ரூவைத் திருகினார்கள்! சட்டத்துக்கும் சுகத்துக்கும் நடந்த போராட்டம், நாலணா அகல ஓட்டைக்குள்.

அடுத்து வந்தது ஃப்யூவல் இன்ஜெக்ஷன். 1980-ல் கவாசாகி ஒரு இசட்1000 மாடலில் போட்டது, 1983-ல் பி.எம்.டபிள்யூ. கே100-ல் வந்தது. மாசுச் சட்டம் ஐரோப்பாவிலும் இறுகிய 1990களின் பிற்பகுதியில் பெரிய பைக்குகள் ஒவ்வொன்றாக இன்ஜெக்ஷனுக்கு மாறின. உறிஞ்சுவது, தூக்குவது எதுவும் கிடையாது. கணினி கணக்குப் போட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும். கார்புரேட்டரை விடப் பல மடங்கு துல்லியம். அப்படியானால் வெட்டு ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா?

அதிகமானது! காரணம் இரண்டு. ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடினால் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வண்டி தன் வேகத்தில் போகும்போது எதற்கு வீணாக்க வேண்டும் என்று கணக்கு. கார்புரேட்டர் இவ்வளவு கறார் இல்லை. மூடினாலும் சிறு துளை வழியாகக் கொஞ்சம் கசியவிடும். எரிப்பு ஓரளவு தொடர்ந்துகொண்டே இருக்கும். இன்ஜெக்ஷனில் நின்ற எரிப்பு திரும்பத் தொடங்கும்போது பூஜ்யத்திலிருந்து ஒரு தாவல். அந்தத் தாவல் செயின் தளர்வில் போய் அடிக்கிறது. தெருமுனைக் கடை அண்ணாச்சி அஞ்சு பத்துக்குக் கணக்குப் பார்க்காமல் விடுவார், ஆடிட்டர் விடமாட்டார் இல்லையா, அது மாதிரி.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம். சி.வி. கார்புரேட்டரை எடுத்தபோது அந்த மத்தியஸ்தரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்ஜெக்ஷனில் கை நேராகக் காற்று வால்வைத் திறந்தது, அமல் காலம் போல. கொஞ்சம் திறந்தாலும் காற்று குபுக்கென்று பாயும்.

2000-ல் சுசூகி, ஜி.எஸ்.எக்ஸ்-ஆர் 750-ல் காற்றுப் பாதையில் இரண்டு வால்வுகளை வைத்தது. ஒன்று கைக்கு. இன்னொன்றைக் கணினி ஒரு மோட்டாரால் திறக்கும், இன்ஜின் வேகத்துக்கும் கியருக்கும் ஏற்ப. கை எவ்வளவு அவசரப்பட்டாலும் இரண்டாவது வால்வு நிதானமாகத்தான் திறக்கும். 2002-ல் யமஹா இன்னும் நேரடியாகவே போய்விட்டது. இன்ஜெக்ஷனுக்கு மாறிய ஆர்1-ன் காற்றுப் பாதைக்குள், இன்ஜினின் உறிஞ்சலால் தானே மேலே போகும் ஒரு ஸ்லைடைப் பொருத்தியது. அதாவது கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் மூளையை மட்டும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினார்கள். ஸ்கின்னர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

2006-ல் அதே யமஹா ஆர்6-ல் கேபிளின் தொடர்பையே அறுத்தது. கை முறுக்குவது ஒரு சென்சாருக்குத் தகவல் சொல்வதோடு சரி. வால்வைத் திறப்பது கணினியின் மோட்டார். அதன் பிறகு ரெயின் மோடு, ஸ்போர்ட் மோடு என்று வந்தவை பலவற்றின் வேலை, "இந்தக் கை கேட்டதில் எவ்வளவு கொடுக்கலாம்" என்று தீர்மானிப்பதுதான். கையின் அதிகாரம் இதில் நிச்சயம் குறைந்திருக்கிறது. அதை நஷ்டம் என்று பழைய ஆட்கள் வருத்தப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மழையில் வளைவு திரும்புகிறவர் அந்த வருத்தத்தில் கலந்துகொள்வது சந்தேகம்.

இந்தியாவுக்கு இதெல்லாம் நிதானமாக வந்தது. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2007-ல் இன்ஜெக்ஷனோடு பல்சர் 220. இரண்டே வருடத்தில், 2009-ல், அதே பல்சர் 220 கார்புரேட்டருக்குத் திரும்பி, விலையும் குறைந்து, அமோகமாக விற்றது. நம் சந்தை விலையைத்தான் முதலில் பார்க்கும் என்பதற்கு இதைவிடப் பாடப்புத்தக உதாரணம் கிடைக்காது. கடைசியில் மாற்றியது சந்தை அல்ல, சட்டம்தான். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 விதி வந்தபோது புதிய பைக்குகளில் கார்புரேட்டருக்கு ஏறக்குறைய மூடுவிழா நடந்தது. அந்த மாற்றத்தின்போது ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். அப்பாச்சி 4வி வண்டிகளில் ஒரு வசதி இருந்தது: டிராஃபிக்கில் கிளட்ச்சை மெல்ல விட்டால் போதும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி தானாக ஊர்ந்து போகும். திறந்து மூடினால்தானே வெட்டு வரும்? தொடவே வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள்!

இவ்வளவுக்குப் பிறகும், "அண்ணே, வண்டி வெட்டுது" என்று போய் நின்றால், நல்ல மெக்கானிக் கணினியை முதலில் தொடமாட்டார். குனிந்து, செயினை ஒரு விரலால் தூக்கித் தளர்வு பார்ப்பார். அப்புறம் ஆக்ஸிலேட்டர் கேபிளின் தளர்வு. அப்புறம் பின்சக்கரத்தைக் கழற்றிக் கப்ளிங் ரப்பர். பாதி வண்டிகள் அங்கேயே சரியாகி வீட்டுக்குப் போய்விடும்.