உடலை உரசாத கேமரா

1957-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமராவில் 10 சென்டிமீட்டர் அகலப் படிகம் ஒன்றும், ஒளியைப் பெருக்கும் குழாய்கள் ஏழும் இருந்தன. உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே தேங்குகிறது என்பதை அது படமாக்கியது. பின்னாளில் அதன் முகப்பில் நேர்த்துளைகள் கொண்ட ஈயத்தட்டு வழக்கமானது. அந்தத் தட்டு உடலை விட்டு விலக விலகப் படம் மங்கும்.

1970-களில் கேமரா நோயாளியைச் சுற்றிவர ஆரம்பித்ததும் தலைவலி கூடியது. கேமரா போட்டது வட்டம்; மனித உடலோ நீள்வட்டம். தோளில் இடிக்காதபடி வட்டத்தைப் பெரிதாக்கினால், நெஞ்சுக்கு மேலே வெறும் காற்றுதான்! கோணத்துக்குக் கோணம் இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

விடை அகச்சிவப்பு ஒளியில் கிடைத்தது. கேமரா முகப்பின் ஒரு விளிம்பில் விளக்குகள், எதிர் விளிம்பில் உணரிகள். நடுவே கண்ணுக்குத் தெரியாத இரண்டு அடுக்கு ஒளிக்கோடுகள். வெளிக்கோட்டை உடல் மறித்தால் கேமரா நிற்கும். உள்கோடும் மறைந்தால் பின்வாங்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் கெட்டிக்காரத்தனமானது.

ஒளிக்கு ஆளும் துணியும் ஒன்றே. தூக்கி நிற்கும் போர்வை நுனியைக்கூட உடல் என்று எண்ணிக் கேமரா ஒதுங்கிவிடும். ஆகவே ஸ்கேனுக்கு முன் போர்வையை இறுக்கிச் செருகுவதும் டெக்னீஷியன் வேலையில் சேர்ந்தது. தொட்டால் நிறுத்தும் அழுத்தப் பட்டைகளும் முகப்பிலிருந்து போய்விடவில்லை.